ஜெய்சல்மேர் போகிறாயா? அக்கா சொல்வதைக் கேட்டுவிட்டுப் போ

அரையாண்டு லீவுக்கு ஜெய்சல்மேர் என்று முடிவாகிவிட்டது, ஜோத்பூர் வரை டிக்கெட்டும் போட்டாயிற்று, அம்மாவையும் அழைத்துப் போகிறீர்கள். நல்லது. ஆனால் நீ அனுப்பிய திட்டத்தைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. காலையில் இறங்குவது, மதியம் கோட்டை, சாயங்காலம் ஒட்டகம், ராத்திரி மணலில் கூடாரம், மறுநாள் பெட்டியைக் கட்டுவது. இப்படிப் போனால் மணலைப் பார்ப்பாய், ஊரைப் பார்க்க மாட்டாய். நீ படத்தில் பார்த்த மணல்மேடு ஊரிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர் மழைகூட நிச்சயமில்லாத இடத்தில் 1156-லிருந்து ஒரு நகரம் பிழைத்துக் கிடக்கிறது, அதுவும் கல்லில் சரிகை நெய்துகொண்டு ஆடம்பரமாகப் பிழைத்திருக்கிறது. அது எப்படி என்பதுதான் அங்கே போய்ப் பார்க்க வேண்டியது. அதனால் ஊருக்குள் இரண்டு ராத்திரி, மணலுக்கு ஒரே ஒரு ராத்திரி. அதுவும் கடைசியில்.

கடைசியில் என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? கூடாரத்தில் பாட்டும் கூத்துமாக யாரும் சரியாகத் தூங்க மாட்டீர்கள். அதற்கு மறுநாள் கோட்டைப் படிகளை ஏறச் சொன்னால் பசங்க முரண்டு பிடிப்பார்கள், அம்மாவுக்கு முட்டி வலி வரும்.

போகும் வழி, போகும் நேரம்

ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் ஏறக்குறைய 280 கிலோமீட்டர். ரயிலோ காரோ ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். ரயில் என்றால் ஏசி பெட்டியில் போடு. சொகுசுக்காகச் சொல்லவில்லை. ஸ்லீப்பரில் ஜன்னல் இடுக்கு வழியாக வரும் பொடி மணல் போர்வை, தலைமுடி, சாப்பாட்டுப் பொட்டலம் எல்லாவற்றிலும் ஏறிவிடும். கார் என்றால் போக்ரான் வழியாகத்தான் போவீர்கள். 1974-லும் 1998-லும் அணுகுண்டு சோதனை நடந்த இடத்துக்குள் யாரையும் விட மாட்டார்கள், பார்க்கவும் அங்கே ஒன்றுமில்லை. ஆனால் நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாம் 1998-ல் ராணுவ உடை போட்டு, மேஜர் ஜெனரல் பிருத்விராஜ் என்ற புனைபெயரில் இந்தப் பக்கம் நடமாடிய கதையைப் பெரியவனுக்குச் சொல்லிக்கொண்டே போ. அரை மணி நேரமாவது போனைக் கீழே வைப்பான்.

டிசம்பர் கடைசி நல்ல பருவம்தான், கூட்டமும் அப்போதுதான். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை அறை வாடகை எகிறிவிடும். இன்னும் ஒரு அறைகூடப் போடவில்லை என்றாயே, இன்றைக்கே போடு. நாம் சென்னையில் ஆறரைக்கெல்லாம் வெளிச்சத்தைப் பார்த்துப் பழகியவர்கள். ஜெய்சல்மேர் நாட்டின் மேற்கு ஓரத்தில், கொஞ்சம் வடக்கேயும் இருப்பதால் டிசம்பரில் ஏழேகாலுக்கு மேல்தான் சூரியன் வரும். ஆறு மணிக்கு வண்டி சொல்லிவிட்டு இருட்டில் நடுங்கிக்கொண்டு நிற்காதே. சாயங்காலம் ஆறுக்கு முன்னாலேயே சூரியன் இறங்கிவிடும். ஆக, ஊர் சுற்றக் கிடைக்கும் பகல் குறைவு. மத்தியான வெயில் டிசம்பரிலும் கண்ணைக் கூசவைக்கும் என்பதால் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை சாப்பாடு, தூக்கம் என்று ஒதுக்கிவிடு. அந்த ஊர்க்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

பைக்குள் என்ன வைப்பது என்று கேட்டாயே. பகலுக்குப் பருத்தி, ராத்திரிக்கு நல்ல ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா, காலுறை. மணலுக்குச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாது. சூரியன் போன ஒரு மணி நேரத்தில் குளிர் ஏறி, ராத்திரி பத்து டிகிரிக்கும் கீழே போய்விடும். ஊட்டிக்கு வாங்கிய ஸ்வெட்டர் எங்கே கிடக்கிறது என்று இப்போதே தேடு. காற்றில் ஈரப்பசையே இருக்காது. உதடு வெடிக்கும், சின்னவளுக்கு மூக்கு உலர்ந்து ரத்தம் எட்டிப் பார்க்கலாம். ராத்திரி படுக்கும் முன் மூக்கு ஓரத்தில் துளி தேங்காய் எண்ணெய் தடவு. வேர்வை உடனே காய்ந்துவிடுவதால் தாகம் தெரியாது. அம்மா ‘எனக்குத் தண்ணி வேண்டாம்’ என்றாலும் மணிக்கொருமுறை குடிக்க வை. பாத்ரூமுக்கு எங்கே போவது என்ற பயத்தில்தான் வேண்டாம் என்பது, உனக்கும் தெரியும். போன், கேமராவுக்கெல்லாம் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர். கான்டாக்ட் லென்ஸை வீட்டில் வைத்துவிட்டுக் கண்ணாடி போட்டுக்கொள்.

கோட்டைக்குள் தங்காதே

‘கோட்டைக்குள்ளேயே ஹோட்டல் இருக்காமே அக்கா’ என்று நீ ஆசையாகக் கேட்டாய். வேண்டாம் என்கிறேன். காரணத்தைக் கேள்.

ஜெய்சல்மேர் கோட்டையில் இன்னும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். சில ஆயிரம் பேர், வீடு, கடை, கோயில், மாடு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் என்று முழு ஊரே உள்ளே நடக்கிறது. ராவல் ஜெய்சல் என்ற பட்டி ராஜபுத்திர அரசர் திரிகூட மலைமேல் கட்டியது. 99 கொத்தளங்கள். கட்டியவர்கள் கணக்குப் போட்டது, குடம் குடமாகத் தூக்கி வரும் தண்ணீருக்கு. வீட்டுக்கு இரண்டு குடம் போனால் சாக்கடைக்கு எவ்வளவு போகும்? பிறகு குழாய் வந்தது, ஹோட்டல்கள் வந்தன, ஷவரும் ஃபிளஷும் வந்தன. அடியில் இருக்கும் குன்றோ களிமண் கலந்த மெத்தென்ற பாறை. கழிவுநீர் கசிந்து இறங்கி, மண் ஊறி, 1990-களில் கொத்தளங்கள் சிலவும் சுவர்களும் சரிந்தே விழுந்தன. உலக நினைவுச் சின்னங்கள் நிதியம் ஆபத்தில் இருக்கும் இடங்களின் பட்டியலில் இந்தக் கோட்டையையும் சேர்த்தது. 2013-ல் ராஜஸ்தானின் மற்ற ஐந்து மலைக்கோட்டைகளோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. வடிகால் வேலைகள் நடந்திருக்கின்றன, ஆனாலும் அந்தக் குன்றின் தலையில் நம் குடும்பத்தின் ஐந்து பேர் குளியலையும் சுமத்த வேண்டுமா?

கீழே ஊரில், கோட்டையைப் பார்த்த மாதிரி மொட்டைமாடி உள்ள விடுதிகள் நிறைய இருக்கின்றன. உள்ளே தங்கினால் கோட்டை கண்ணில் படாது. கீழே தங்கினால் சாயங்காலம் அந்த மஞ்சள் கல் முழுக்கப் பொன்னாகி நிற்பதை டீ குடித்துக்கொண்டே பார்க்கலாம். சத்யஜித் ராய் ‘சோனார் கெல்லா’ எடுத்தது இந்தக் கோட்டையை வைத்துத்தான், 1974-ல் வந்த படம். அதிலிருந்து வங்காளிகளுக்கு இது காசி மாதிரி ஆகிவிட்டது. லீவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பெங்காலி காதில் விழும். கிளம்பும் முன் பசங்களோடு உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்துவிடு. முன்ஜென்மம் நினைவுக்கு வரும் சின்னப் பையன், துப்பறிவாளர், புதையல் ஆசை பிடித்த வில்லன் என்று குழந்தைகளுக்குப் பிடிக்கும் கதை.

கோட்டைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். நான்கு வாசல்கள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் வளைந்து ஏறும் கல் பாதை. அகை போல், சூரஜ் போல், கணேஷ் போல், ஹவா போல் என்று பெயர். கல் வழுவழுவென்று தேய்ந்திருக்கும், அம்மாவுக்கு ரப்பர் அடிப்பாகம் உள்ள செருப்பு போட்டுவிடு. ஆட்டோக்காரர்களிடம் முதலிலேயே பேசிக்கொண்டால் மேலே தசரா சௌக் பக்கம் வரை ஏற்றிவிடுவார்கள், ஏற்றம் மிச்சம். அரண்மனை மியூசியத்தில் படிகள் குறுகல், தலை இடிக்கும். அம்மா சௌக்கில் ஒரு திண்ணையில் வெயில் காயட்டும், நீங்கள் மட்டும் ஏறுங்கள். மேல் மாடியிலிருந்து ஊரும், ஊருக்கு அப்பால் ஒன்றுமே இல்லாத வெளியும் தெரியும்.

அம்மா கட்டாயம் பார்க்க வேண்டியது சமணக் கோயில்கள். ஒன்றோடு ஒன்று ஒட்டிய ஏழு கோயில்கள், பார்சுவநாதர், சந்திரபிரபர், ரிஷபதேவர் என்று தீர்த்தங்கரர்களுக்கு. பெரும்பாலும் 15, 16-ஆம் நூற்றாண்டு வேலை. நம் ஊர்க் கருங்கல் சிற்பத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த மஞ்சள் கல்லில் இழை இழையாக எடுத்த தோரணங்கள் வேறு மாதிரி இருக்கும். அடியில் ஞான பண்டாரம் என்று ஒரு நூலகம். நம்மைப் போலவே இவர்களும் ஓலையில் எழுதியிருக்கிறார்கள், அந்தப் பழைய சுவடிகள் அங்கே காப்பாற்றப்படுகின்றன. படையெடுப்புக் காலத்தில் குஜராத் பக்கமிருந்து பாலைவனத்துக்குள் கொண்டுவந்து ஒளித்தது புத்திசாலித்தனம்தான். பூச்சிக்கும் பூஞ்சைக்கும் இந்த உலர்ந்த காற்று ஆகாது. வெளியாட்களுக்கு நண்பகல் வரைதான் கோயிலில் அனுமதி. நேரம் மாறும் என்பதால் முந்தின நாளே கேட்டு வை. தோல் பெல்ட், தோல் பர்ஸ், தோல் கைப்பை எதுவும் உள்ளே கூடாது. மாப்பிள்ளையிடம் அன்றைக்கு மட்டும் துணிப்பையில் பணம் வைத்துக்கொள்ளச் சொல்.

கோட்டை வாசலுக்குப் பக்கத்தில் பாங்கு என்ற போதைச் சரக்கு விற்கும் கடை உண்டு, அரசு அனுமதியோடு. லஸ்ஸி, குக்கி, சாக்லேட் என்று எல்லாவற்றிலும் கலந்து விற்பார்கள். பசங்க லஸ்ஸி என்று போர்டைப் பார்த்து ஓடினால் நீ பின்னாலேயே போ.

வியாபாரிகள் கட்டிய வீடுகள்

சிந்துவுக்கும் அதற்கு அப்பாலும் போன ஒட்டக வணிகப் பாதையில் இருந்ததால் இந்த ஊர் பணம் பார்த்தது. சரிகை, பட்டு, அபினி, வட்டிக்கடை. அந்தப் பணமெல்லாம் ஹவேலிகளாக நிற்கிறது. பட்வா ஹவேலி ஒரே வீடு என்று நினைக்காதே, ஐந்து வீடுகள் ஒரு சந்தில் தோளோடு தோள் நிற்கின்றன. குமான் சந்த் பட்வா 1805-ல் முதல் வீட்டைத் தொடங்கி, ஐந்து பிள்ளைகளுக்கும் ஒவ்வொன்று என்று கட்டி முடிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. ஐந்துக்கும் டிக்கெட் எடுத்து ஏறி இறங்க வேண்டாம். தனியார் மியூசியமாக வைத்திருக்கும் வீடு ஒன்று போதும். பழைய சமையலறை, கணக்குப் புத்தகம், தலைப்பாகை, தராசு எல்லாம் அப்படியே வைத்திருக்கிறார்கள். உள்ளே போனதும் கல் ஜாலி ஜன்னல் பக்கத்தில் கையை வைத்துப் பார். வெளியே அடிக்கும் காற்று அந்தச் சின்னச் சின்ன ஓட்டைகளில் நுழைந்து வேகமாக வரும், வெயில் மட்டும் உள்ளே வராது. மின்விசிறி இல்லாத காலத்துக் கைவேலை.

நத்மல் ஹவேலியை வெளியிலிருந்து பார்த்தால் போதும், ஆனால் பசங்களோடு பார். 1885-ல் திவான் நத்மலுக்காக ஹாத்தி, லாலு என்ற அண்ணன் தம்பி சிற்பிகள் கட்டியது. ஆளுக்கொரு பாதியாகப் பிரித்துக்கொண்டு இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர் செதுக்கினார்களாம். தூரத்தில் நின்றால் இரண்டு பாதியும் ஒன்று போலத் தெரியும். கிட்டே போனால் ஒரு ஜன்னல்கூட இன்னொன்றோடு ஒத்துப்போகாது. ‘பத்து வித்தியாசம் கண்டுபிடி’ என்று இரண்டையும் நிறுத்திவிடு, நீ நிம்மதியாக நிற்கலாம். சாலிம் சிங் ஹவேலி அடி குறுகி மேலே அகன்று நிற்கும் விசித்திரம். அதற்குள் போக நேரம் செலவழிக்காதே, பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும்.

தண்ணீரைப் பார்க்கப் போ

இரண்டாம் நாள் காலை, சூரியன் வரும் நேரத்துக்குக் கடீசர் ஏரிக்கரைக்குப் போய்விடுங்கள். 14-ஆம் நூற்றாண்டில் மகாராவல் கட்ஸி சிங் பெரிதாக்கிக் கட்டியதால் அவர் பெயர். இந்திரா காந்தி கால்வாயின் தண்ணீர் எட்டிப் பார்க்கும் வரை ஊரின் குடிநீரே இதுதான். இயற்கை ஏரி அல்ல, மழை பெய்யும் ஓரிரு நாளில் சுற்றியுள்ள கல்வெளியில் ஓடும் ஒவ்வொரு சொட்டையும் திருப்பிவிட்டுத் தேக்கியது. அதில் கரையெல்லாம் மண்டபம், கோயில், படித்துறை. நம் கோயில் குளங்களில் இருந்த அதே அக்கறை. அனுபம் மிஸ்ரா 1993-ல் இந்தியில் குளங்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இந்த ஏரிக்குத் தனி மரியாதை கொடுத்திருக்கிறார்.

வாசலில் நிற்கும் வளைவுக்கு ஒரு கதை உண்டு. தீலோன் என்ற கணிகை தன் காசில் கட்டியது. ‘ஒரு தாசி கட்டிய வாசலுக்குக் கீழே நான் நடப்பதா’ என்று அரசர் இடிக்கப் பார்க்க, அவள் மேலே கிருஷ்ணர் கோயிலை வைத்துவிட்டாள். அப்புறம் யார் கை வைப்பது? ஊரார் சொல்வது இது. அம்மாவிடம் சொல், ரசிப்பார்கள். படித்துறையில் பெரிய கெளுத்தி மீன்கள் கூட்டம் கூட்டமாக வாயைத் திறந்து நிற்கும். பசங்க மீனுக்கு ரொட்டி போட்டே ஒரு மணி நேரத்தைக் கழித்துவிடுவார்கள். பெடல் படகு இருக்கிறது, ஒன்பது மணிக்கு மேல் வரிசை நீளும்.

படா பாக் ஊருக்கு வடக்கே ஆறு கிலோமீட்டர். அரசர்களுக்கான சத்திரிகள், அதாவது நினைவு மண்டபங்கள், வரிசையாக ஒரு மேட்டில். சுற்றிலும் காற்றாலைகள். புகைப்படத்துக்கு அழகு, அரை மணி நேரம் போதும்.

குல்தரா வழியாக மணலுக்கு

மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பி, குல்தராவைப் பார்த்துவிட்டு ஸாம் மணல்மேட்டுக்குப் போங்கள், ஒரே திசைதான். குல்தரா ஆளில்லாத கிராமம். பாலிவால் பிராமணர்கள் வாழ்ந்து, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விட்டுவிட்டுப் போனது. சாலிம் சிங் திவான் ஊர்த் தலைவர் மகளைக் கேட்டதால் 84 கிராமத்தாரும் ஒரே ராத்திரியில் சாபம் விட்டுக் கிளம்பினார்கள் என்று டிரைவர் சொல்வார். கூடவே பேய்க் கதையும் இலவசம். வரிக் கொடுமையும், கிணறுகள் வற்றியதும், நிலநடுக்கமும் காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். பேயை நம்பும் பெரியவனிடம் நீ இப்போதைக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டாம்.

எனக்குப் பிடித்தது வீடுகளைவிட அந்தப் பாலிவால்களின் விவசாயம். காடீன் என்று பெயர். பாறைச் சரிவில் ஓடி வரும் மழைத் தண்ணீரைப் பள்ளத்தில் நீளமான மண்கரை போட்டு நிறுத்துவார்கள். தண்ணீர் மெல்ல ஊறி இறங்கும். மேலே தண்ணீர் வற்றியதும் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைத்துவிடுவார்கள். மேற்கொண்டு ஒரு வாளி தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம். நல்ல மழை பெய்த வருஷம் டிசம்பரில் போனால் அந்தக் காய்ந்த பூமிக்கு நடுவில் பச்சை வயல் தெரியும். டிரைவரிடம் ‘காடீன் எங்கே’ என்று கேள். கேட்டால்தான் காட்டுவார்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

ஸாம் என்பது சாலையின் இருபக்கமும் கூடார விடுதிகள் நெருக்கியடிக்கும் இடம். கூட்டம் பிடிக்காவிட்டால் தென்மேற்கே கூரி என்ற கிராமம் இருக்கிறது. மணல் சற்றுச் சிறியது, சத்தம் வெகு குறைவு. அம்மாவும் குழந்தைகளும் வருவதால் நான் கூரியைத்தான் சொல்வேன். எங்கே போட்டாலும் போனில் இந்தக் கேள்விகளைக் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கி வை: கூடாரத்துக்கு உள்ளேயே கழிவறை உண்டா, வெந்நீர் எப்போது வரும், மணல்மேடு நடக்கும் தூரமா வண்டியில் போக வேண்டுமா, ஒட்டகச் சவாரி கட்டணத்தில் சேர்ந்ததா, ஒலிபெருக்கி எத்தனை மணிக்கு நிற்கும், ஆளுக்கு எத்தனை கம்பளி. ஏடிஎம்மை நம்பாமல் ஊரிலேயே சில்லறையாகப் பணம் எடுத்துக்கொள்.

ஒட்டகத்தில் ஏறுவதைப் பற்றி ஒன்று. புடவை வேண்டாம், சுடிதார் போட்டுக்கொள். ஒட்டகம் எழும்போது முதலில் பின்னங்கால்களைத்தான் தூக்கும், அதனால் நீ முன்பக்கம் குப்புறச் சரிவாய். சேணத்தின் பிடியை இறுக்கிக்கொண்டு உடம்பைப் பின்னால் சாய். அது உட்காரும்போது முன்னங்கால்களை முதலில் மடக்கும், அப்போதும் பின்னால்தான் சாய வேண்டும். அம்மாவுக்கு ஒட்டக வண்டி பேசு, மெத்தை போட்டு மெதுவாக ஓட்டுவார்கள். மணலில் ஜீப்பைத் தலைகுப்புற விட்டு ஓட்டும் சவாரிக்கு அம்மாவையும் சின்னவளையும் ஏற்றவே ஏற்றாதே. ‘ஒண்ணும் ஆகாது தீதி’ என்பார்கள். முதுகு அவர்களுடையது அல்ல.

ராத்திரி நிகழ்ச்சியில் கால்பேலியா ஆட்டம் இருக்கும். 2010-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கலை. அதோடு சினிமாப் பாட்டையும் கலந்து அடிப்பார்கள். சகித்துக்கொள். எல்லாம் முடிந்ததும் பாடிய மாங்கணியார்களிடம் போய், மைக் இல்லாமல் ஒரு பாட்டு பாடச் சொல்லிக் கேள். பரம்பரைப் பாடகர்கள், முஸ்லிம்கள். தலைமுறை தலைமுறையாக இந்து வீடுகளின் பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் இவர்கள் பாட்டுத்தான். ஆட்டுத்தோல் போர்த்திய கமாய்ச்சா என்ற வில் வாத்தியம் இருந்தால் உன் அதிர்ஷ்டம், வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். அதில் பெரியவராக இருந்த சாகர் கான், 2012-ல் பத்மஸ்ரீ வாங்கியவர், பக்கத்து ஹமீரா கிராமத்துக்காரர். பாடியவர் கையிலேயே பணத்தைக் கொடு, மேனேஜரிடம் கொடுத்தால் பாதி வழியில் நின்றுவிடும்.

நேரம் மிஞ்சினால்

தனோட் மாதா கோயிலும் லோங்கேவாலாவும் ஊரிலிருந்து ஒரு பக்கமே 120 கிலோமீட்டர் அளவு, முழு நாள் போய்விடும். 1965 போரில் விழுந்த குண்டுகள் வெடிக்கவில்லை என்பது தனோட்டின் நம்பிக்கை. எல்லைப் பாதுகாப்புப் படையினரே பூஜை செய்கிறார்கள், அந்தக் குண்டுகளையும் வைத்திருக்கிறார்கள். லோங்கேவாலாவில் 1971 டிசம்பர் 4 ராத்திரி நூற்றுச் சொச்சம் வீரர்கள் பாகிஸ்தான் டாங்கிப் படையை விடியும் வரை தடுத்து நிறுத்தினார்கள், விடிந்ததும் ஜெய்சல்மேரிலிருந்து ஹன்டர் விமானங்கள் வந்தன. மாப்பிள்ளைக்குப் பிடிக்கும். அம்மாவுக்கு இவ்வளவு நேரம் காரில் உட்கார முடியாது என்றால் ஜோத்பூர் சாலையில் இருக்கும் போர் அருங்காட்சியகம் போதும். தனோட் பக்கம் போனால் ஆதார் அட்டையின் அசலைக் கையில் வை, வழியில் ராம்கட்டில் பெட்ரோல் நிரப்பிவிடு.

பார்மேர் சாலையில் ஆகல் என்ற இடத்தில் மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன, 18 கோடி வருஷப் பழசு. இன்றைக்குச் சொட்டுத் தண்ணீருக்குத் தவிக்கும் இடம் ஒருகாலத்தில் காடாக இருந்திருக்கிறது. நம் திருவக்கரையை நீ பார்த்துவிட்டதால் இதை விட்டாலும் குற்றமில்லை. பாலைவனத் தேசியப் பூங்காவில் கானமயில் பார்க்கலாம் என்பார்கள். முன்பு தமிழ்நாட்டுப் புல்வெளிகளிலும் இருந்த பறவை, இப்போது நாடு முழுக்க இருநூறுகூட மிஞ்சவில்லை. மின்கம்பிகளில் அடிபட்டே நிறையச் செத்துவிட்டன. பொறுமையாக ஒரு காலை முழுக்க ஒதுக்க முடிந்தால் மட்டும் வனத்துறை அனுமதி வாங்கிப் போ. குழந்தைகளை வைத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் பார்க்கக் கூடியது அல்ல.

சாப்பாடும் கடைவீதியும்

சோறு கிடைக்கும், ஆனால் அதைத் தேடி அலையாதே. அங்கே கம்பு ரொட்டிதான் ராஜா. சூடாக, நெய் தடவி, பூண்டுச் சட்னியோடு. தால் பாட்டி சூர்மாவை மதியம் சாப்பிடு, ராத்திரி சாப்பிட்டால் காலை வரை வயிற்றில் கல்லாக நிற்கும். கூடவே மோர் கேள், சாஸ் என்றால் கொண்டுவருவார்கள். கேர் சாங்கரி கட்டாயம் சாப்பிடு. சாங்கரி என்பது வேறொன்றுமில்லை, நம் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் வன்னி மரத்தின் காய். நாம் சுற்றிக் கும்பிடுகிறோம், அவர்கள் வறட்சிக்கு என்று உலர்த்தி வைத்துக் கறி சமைக்கிறார்கள். உலர்ந்தது கடைகளில் விலை கூடுதல்தான், கால் கிலோ வாங்கினாலே நாலைந்து தடவைக்கு வரும். ராத்திரி ஊறவைத்து, வேகவைத்து, தயிரும் மிளகாய்த்தூளும் போட்டு எண்ணெயில் வதக்க வேண்டியதுதான். இனிப்பு என்றால் கோட்டுவா லட்டு, பூந்தியை மசித்துப் பிடிப்பது, இந்த ஊர்ச் சரக்கு.

கடைவீதியில் கண்ணாடி பதித்த துணி, ஒட்டுத்துணி விரிப்பு, ஜூட்டி செருப்பு எல்லாம் பிடிக்கும். விரிப்பைத் திருப்பிப் போட்டுத் தையலைப் பார். கையால் தைத்தது என்று சொல்லி மெஷின் தையலை விற்பவர்கள் இருக்கிறார்கள். டிரைவர் ‘என் அண்ணன் கடை’ என்று கூட்டிப் போகும் இடத்தில் எதுவும் வாங்காதே. கோட்டைக்குள் கேட்ட விலையை மானக் சௌக் பக்கம் இறங்கி வந்து இன்னொரு முறை கேள், வித்தியாசம் தெரியும்.

ஹபூர் கல் கிண்ணம் என்று ஒன்று காட்டுவார்கள். அந்தப் பெயருள்ள கிராமத்துக் கல், உள்ளே பழங்காலச் சிப்பிகளின் தடம் பூவேலை மாதிரி தெரியும். உறை ஊற்றாமலேயே அதில் பால் தோய்ந்து தயிராகும் என்று கடைக்காரர் சத்தியம் செய்வார். நான் நம்பவில்லை, ஆனால் கல் அழகு. எனக்கு ஒரு சின்னக் கிண்ணம் வாங்கி வா, பாலை ஊற்றி நானே பார்த்துக்கொள்கிறேன். ஊருக்கு வந்ததும் பணம் தந்துவிடுகிறேன், பேரம் பேசாமல் மட்டும் வாங்கிவிடாதே.